ஒற்றையிறக்கைப் போர் விமானமும் அதன் சின்னங்களும்

மாதிரி விமானங்களை ஆக்குவோர் வடிவத்திற் செலுத்தும் கவனத்தைச் சின்னங்களிலும் செலுத்துதல் வேண்டும். ஒரு விமானத்தின் காலத்தைக் கூறுவது சின்னமே. ஜேர்மனியரின் போக்கர் ஐன்டெக்கரைக் கொண்டு இதனை விளக்குவாம்.

1915ஆம் ஆண்டிற் போர்க்களம் புகுந்த இவ்விமானம், சுழலும் விசிறியின் அலகுகளிற் படாது அவற்றினூடே சுடும் இயந்திரத் துப்பாக்கியாற் புகழ்பெற்றது. இறக்கைகளிலும், உடலின் இருமருங்கிலும், சுக்கானிலும் வெண்ணிலத்தின்மேற் கரிய இரும்புச் சிலுவை தீட்டப்பட்டிருந்தது. அதன் கைகள் நடுவிற் குறுகி, நுனியை நோக்கி வளைந்து விரிவன. நேரான கைகளையுடைய சிலுவை 1918ஆம் ஆண்டிலேயே வழக்கிற்கு வந்தது. ஆதலின், அதனை ஐன்டெக்கரில் ஒட்டுதல் பிழையாகும்.

உடலிற் பொறித்த இலக்கமும் பொருளுடையது. மக்ஸ் இம்மெல்மான் செலுத்திய விமானமொன்று ‘ஈ 13/15’ எனக் குறிக்கப்பட்டிருந்தது. எழுத்து ஒற்றையிறக்கை வகுப்பையும், முன்னெண் வரிசையையும், பின்னெண் 1915ஆம் ஆண்டையும் உணர்த்தும்.

நிறத்தைத் துணிதல் அத்துணை எளிதன்று. அக்காலப் படங்கள் கறுப்பு வெள்ளையானவை. 1916ஆம் ஆண்டிற் கைப்பற்றப்பட்டு இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் எஞ்சியுள்ள 210/16 என்னும் விமானமோ துணிப்போர்வையை இழந்து எலும்புக்கூடாய் நிற்கின்றது. ஆகவே, ஒரு குறித்த விமானத்தைத் தெரிந்து, அதன் படங்களை ஒப்புநோக்கிய பின்னரே தூரிகையை எடுத்தல் நன்று. மறைந்த பொருளுக்கு மாதிரியே சாட்சியாகும்போது, அச்சாட்சி பொய்யாதிருத்தல் வேண்டுமன்றோ?