சத்தம் கேட்டுப் பழுதறிதல்: மின்சார மிதிவண்டிக்கு ஒரு பாடம்



தங்கவயல்காரர்களுக்குச் சத்தம் கேட்டு நிலைமை அறிவது புதிய வித்தையல்ல. நம் பாட்டன்மார் சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் இரும்புக் கம்பியால் மேற்பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். ‘கணீர்’ என்று ஒலித்தால் பாறை கெட்டி. ‘பொத்’தென்று கேட்டால் உள்ளே விரிசல், அதன் கீழே நிற்கக் கூடாது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் தட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அறிவு எந்தத் தொழிலுக்கும் பயன்படும்.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் பெட்டிகள் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கும் இதே முறைதான். வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது பாதையின் இருபுறமும் ஆட்கள் குந்தியிருந்து ஒவ்வொரு சக்கரத்தையும் பார்ப்பார்கள், கேட்பார்கள். ஒரு சக்கரத்தில் ஓரிடம் தேய்ந்து தட்டையாகியிருந்தால் ‘தட், தட், தட்’ என்று சீராக அடிக்கும். பெட்டிச் சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 2.87 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியில் அந்த அடி நொடிக்கு ஏறக்குறைய 3 முறை கேட்கும். இந்தக் கணக்குத் தெரிந்தவனுக்குத் தண்டவாளத்தின் சத்தம் எது, சக்கரத்தின் சத்தம் எது என்று குழப்பம் வராது.

இன்று அந்த வித்தை வேறொரு வண்டிக்குத் தேவைப்படுகிறது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர், வீட்டிலிருந்து நிலையம் போக மின்சார மிதிவண்டி வாங்கியிருக்கிறார்கள். விலை உயர்ந்த வகைகள் லட்ச ரூபாயைத் தாண்டும். அதில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தால் வாங்கியவன் வயிற்றில் புளி கரைக்கிறது. கடைக்காரர் ‘மோட்டார் போயிற்று’ என்று சொல்லிவிட்டால் மாதச் சம்பளமும் போயிற்று. ஆகவே சத்தத்தைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

1. வண்டியின் அமைப்பு

மிதிப்பவருக்கு மோட்டார் துணை செய்யும் மிதிவண்டியை யமஹா நிறுவனம் 1993இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது இரண்டு வகைகள் அதிகம். ஒன்று, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலேயே மோட்டார் இருப்பது. மற்றொன்று, பெடல் அச்சு இருக்குமிடத்தில் மோட்டார் இருப்பது. விலை உயர்ந்தவை பெரும்பாலும் இரண்டாம் வகை.

இரண்டாம் வகையில் மோட்டாரின் பலமும் காலின் பலமும் ஒரே செயின் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 17 சென்டிமீட்டர் நீளமுள்ள கிராங்கின் மேல் எழுந்து நின்றால் கிடைக்கும் முறுக்குவிசை சுமார் 100 நியூட்டன் மீட்டர். பெரிய மோட்டார்கள் பல தம் பங்குக்கு 85 நியூட்டன் மீட்டர் அளவுக்குச் சேர்க்கின்றன. அதாவது ஒருவர் இழுக்க வேண்டிய செயினை ஏறக்குறைய இருவர் இழுக்கிறார்கள். சாதாரண சைக்கிளைவிட இதில் செயினும் பற்சக்கரமும் சீக்கிரம் தேய்வதற்கும், மரைகள் சீக்கிரம் தளர்வதற்கும் காரணம் இதுவே.

2. முதலில் எண்ணுக

சத்தம் வந்தவுடன் ஸ்பானரை எடுக்க வேண்டாம். வண்டியை ஓட்டிக்கொண்டே எண்ணுங்கள். ஓர் உதாரணம்: முன்பற்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஓடும் பற்சக்கரத்தில் 18 பல், செயினில் 116 கண்ணி என்று வைத்துக்கொள்வோம்.

பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் 44 கண்ணிகள் நகரும். பின்சக்கரம் 44ஐ 18ஆல் வகுத்தது, அதாவது 2.44 சுற்றுச் சுற்றும். செயின் முழுவதும் ஒரு வலம் வர 116ஐ 44ஆல் வகுத்தது, அதாவது 2.64 பெடல் சுற்று வேண்டும். பின்னால் செயினைத் தாங்கும் சிறு உருளைகளுக்கு 11 பல் இருந்தால் அவை ஒரு பெடல் சுற்றுக்கு 4 முறை சுற்றும்.

இப்போது ஒரே வண்டியில் நான்கு கடிகாரங்கள் கிடைத்துவிட்டன. பெடல் சுற்றுக்கு ஒருமுறை சத்தம் வந்தால் பெடல், கிராங்க், பெடல் அச்சு, முன்பற்சக்கரம் ஆகியவற்றில் தேடுக. பெடல் ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டு மூன்று முறை வந்தால் பின்சக்கரம், ஸ்போக், பிரேக் தட்டு ஆகியவற்றில் தேடுக. இரண்டரைச் சுற்றுக்கு மேல் ஒருமுறை வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. செயினைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் அந்தக் கண்ணி உருளையைக் கடக்கும்போது துள்ளுவது தெரியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2014 வாக்கில் வந்த பாஷ் மோட்டார்களில் முன்பற்சக்கரம் மிகச் சிறியது. பெடல் ஒரு சுற்றுக்கு அது இரண்டரைச் சுற்றுச் சுற்றும். அத்தகைய வண்டியில் பெடலை எண்ணாமல் முன்பற்சக்கரத்தையே எண்ணிக் கணக்குப் போட வேண்டும்.

3. ஒவ்வொன்றாக விலக்குக

எண்ணிய பிறகு கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

முதலாவது: மோட்டார் துணையை நிறுத்திவிட்டு மிதியுங்கள். சத்தம் அடியோடு நின்றால் மோட்டாரின் பல்லிணைகளில் சந்தேகப்படலாம். சத்தம் தொடர்ந்தால் பெரும்பாலும் மற்ற பாகங்களே காரணம்.

இரண்டாவது: மிதிப்பதை நிறுத்தி வண்டியைத் தானாக ஓடவிடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் சக்கர பேரிங், பிரேக், டயரில் ஒட்டிய கல் போன்றவை. ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘ஸ்ஸ்’ என்று உரசினால் பிரேக் தட்டு சற்றே வளைந்திருக்கிறது. ஃப்ரீவீலின் ‘டிக் டிக்’ இயல்பானது.

மூன்றாவது: சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் சீட்டுக் குழாயோ சீட்டுக் கம்பியோ காரணம். கீழே மோட்டாரிலிருந்து வருவது போலக் கேட்கும் முனகல் பல சமயம் சீட்டிலிருந்து வருவதுதான். இரும்புக் குழாய் சத்தத்தை எங்கிருந்து எங்கும் கொண்டுபோகும். காது சொல்லும் திசையை மட்டும் நம்பக் கூடாது.

நான்காவது: கியரை மாற்றுங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் கரகரப்பு வந்தால் கம்பியின் இழுவையைச் சரிசெய்தால் போதும்.

ஐந்தாவது: பேட்டரியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதன் கூண்டில் ஆட்டமிருந்தால் மேடுபள்ளத்தில் ‘லொட லொட’ என்று கேட்கும்.

4. பழுதில்லாத சத்தங்கள்

எல்லாச் சத்தமும் நோயல்ல. 2019இல் வந்த பாஷ் நிறுவனத்தின் புதிய மலைப்பாதை மோட்டாரிலும், 2020இல் வந்த ஷிமானோ மோட்டாரிலும், மிதிக்காமல் கரடுமுரடான இறக்கத்தில் போகும்போது உள்ளே கலகலவென்று சத்தம் வருவதை ஓட்டுநர்கள் உலகெங்கும் கவனித்தார்கள். காரணம் எளியது. மிதிக்காதபோது மோட்டாரின் பல்லிணைகளில் சுமை இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளியில் அவை குதித்து ஒன்றையொன்று தட்டுகின்றன. லேசாக மிதித்தவுடன் பற்கள் ஒருபக்கமாக அழுந்திக்கொள்ளும், சத்தமும் அடங்கும். அடங்கினால் கவலை வேண்டாம்.

அதுபோல ஏற்றத்தில் மோட்டார் ‘ங்ங்’ என்று இரைவதும் இயல்பு. நேற்று இல்லாத சத்தம் இன்று வந்திருக்கிறதா, நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

5. ஒரு நேர்முக உதாரணம்

ராபர்ட்சன்பேட்டையில் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன், தவணையில் வாங்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். “பெரியப்பா, மோட்டாரையே மாத்தணும்னு கடையில சொல்றாங்க. கொஞ்சம் கேட்டுப் பாருங்க” என்றான். அவர்கள் சொன்ன தொகை அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமம்.

ஓட்டச் சொல்லிக் கேட்டேன். பெடல் சுற்றுக்கு ஒரு ‘டக்’. மோட்டாரை நிறுத்தியும் வந்தது. எழுந்து நின்று மிதித்தும் வந்தது. இடது கால் கீழே அழுத்தும்போது மட்டுமே வந்தது. வண்டியை நிறுத்தி இடது கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். சிறிது ஆட்டம் இருந்தது. வலதைப் பிடித்து ஆட்டினேன்; அசையவில்லை. மோட்டாருக்குள் இருக்கும் அச்சு பேரிங் தேய்ந்திருந்தால் இரண்டு கிராங்கும் சேர்ந்தே ஆடும். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் அச்சில் பொருந்தும் இடத்தில்தான் தளர்ச்சி.

போல்ட்டைக் கழற்றி, இரு பக்கமும் துடைத்துப் பார்த்தோம். உட்பற்கள் கெடவில்லை. கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ஸ்பானரால் இறுக்கினோம். சத்தம் போயிற்று. 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி சரிபார்த்தபோதும் இறுக்கம் அப்படியே இருந்தது.

இதில் பணம் மட்டும் பேச்சல்ல. அப்படியே இன்னும் சில வாரம் ஓட்டியிருந்தால் அலுமினியத் துளை அகன்று, இறக்கத்திலோ சாலை நடுவிலோ கிராங்க் கழன்று விழுந்திருக்கும். புது மோட்டார் போட்டிருந்தாலும் பழைய கிராங்கைத்தானே மாட்டியிருப்பார்கள்?

6. நம் ஊருக்கென்று ஒரு காரணம்

தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் நம் ஊரில் மலைமலையாக நிற்பதை அறிவீர்கள். சயனைடு மேடு என்று நாம் சொல்லும் அந்த மண், பாறையை மாவாக அரைத்ததால் வந்தது. ஆடிக் காற்றில் அது ஊரெங்கும் பறக்கிறது. எண்ணெய் வழியும் செயினில் படிந்தால் எண்ணெயும் பொடியும் சேர்ந்து தேய்ப்புக் களிம்பாகிவிடும். அது செயினின் ஊசிகளையும் பற்களையும் தின்னும். ‘கரகர’ என்று கேட்கும்.

ஆகவே காற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறை செயினை உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, சில சுற்றுச் சுற்றி, வெளியே நிற்கும் எண்ணெயை மறுபடி துடைத்துவிடுக. எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே அல்ல.

தேய்மானத்தை அளக்க ஓர் இரும்பு அளவுகோல் போதும். ஊசிக்கு ஊசி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஒரு அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுக. 8இல் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் பற்சக்கரங்களும் கெட்டுவிடும், செலவு பலமடங்காகும்.

7. செய்யக் கூடாதவை

எந்த வேலைக்கு முன்பும் மோட்டாரை நிறுத்திப் பேட்டரியைக் கழற்றிவிடுக. செயின் அருகே விரல் இருக்கும்போது மோட்டார் சுழன்றால் விரல் மிஞ்சாது. பிரேக் தட்டில் எண்ணெய் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. மோட்டாரையும் பேரிங்கையும் அழுத்தக் குழாய்த் தண்ணீரால் கழுவாதீர்கள். பேட்டரியையோ மோட்டாரையோ வீட்டில் பிரிக்காதீர்கள். கருகல் வாசனை, பேட்டரி உப்பல், மோட்டார் அரைபடும் சத்தத்துடன் இழுவை குறைதல் ஆகிய மூன்றில் எது தோன்றினாலும் ஓட்டுவதை நிறுத்திப் பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுக. அப்போதும் நீங்கள் செய்த சோதனைகளையும் எண்ணிய எண்களையும் தாளில் எழுதிக் கொடுங்கள். ‘ஏதோ சத்தம் வருகிறது’ என்பவரிடம் பேசும் பேச்சு வேறு. ‘பெடல் சுற்றுக்கு ஒருமுறை, இடது கால் அழுத்தும்போது மட்டும்’ என்பவரிடம் பேசும் பேச்சு வேறு.

8. பயிற்சிக் கணக்கு

நம் வீட்டுப் பிள்ளைகள் செய்து பார்க்க ஒரு கணக்கு. ஒரு வண்டியில் முன்பற்சக்கரம் 38 பல், செயின் 114 கண்ணி, பின்னால் 19 பல். பெடலும் முன்பற்சக்கரமும் சேர்ந்தே சுற்றுகின்றன. பெடல் மூன்று சுற்றுக்கு ஒருமுறை சரியாக ‘டிக்’ என்று கேட்கிறது. பழுது எங்கே? அதே வண்டியில் பெடல் ஒரு சுற்றுக்கு இருமுறை ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் எங்கே தேட வேண்டும்?

விடை: 114ஐ 38ஆல் வகுத்தால் 3. ஆகவே முதல் சத்தம் செயினில் ஓர் இறுகிய கண்ணி. 38ஐ 19ஆல் வகுத்தால் 2. ஆகவே இரண்டாவது, பின்சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு.