ஒஸ்லோவிலிருந்து யாழ்ப்பாணம்: தூரமும் நேரமும்



கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்வதென்று முடிவானதும் நம் இல்லங்களில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. "எவ்வளவு தூரம்?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். "எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள்?" என்று அம்மம்மா தொலைபேசியில் கேட்கின்றார். இவ்விரண்டிற்கும் விடை காணும் முறையை இங்கு பயில்வோம்.

தூரம்

கார்டர்மூன் விமான நிலையம் வட அகலக்கோடு 60 பாகையிலும், கட்டுநாயக்கா 7 பாகையிலும் அமைந்துள்ளன. தட்டையான உலகப் படத்தில் அளந்தால் தூரம் பிழைக்கும், பூமி உருண்டையானது. ஆகவே பூகோள உருண்டையில் இரு இடங்களையும் ஒரு நூலால் இறுக்கி இணைத்துப் பாருங்கள். நூல் ஒஸ்லோவிலிருந்து ஏறக்குறைய கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, மெல்லத் தெற்கே வளையும். அதன் நடுப்புள்ளி துருக்மெனிஸ்தானின் தலைநகரான அஷ்கபாத்துக்கு அருகில் விழும். இதுவே மிகக் குறுகிய வழி. ஏறத்தாழ 8,150 கிலோமீற்றர். டோகா வழியாகச் சென்றால் ஏறத்தாழ 8,570 கிலோமீற்றர் ஆகும்.

நேரம்

மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் 8,150 கிலோமீற்றரைக் கடக்க ஒன்பது மணித்தியாலம் போதும். எனினும் இடையில் இறங்கி விமானம் மாறிக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுதல் வேண்டும். பயணம் மொத்தம் 14 மணித்தியாலம் எனக் கொள்வோம்.

கோடையில் இலங்கை நேரம் நோர்வே நேரத்தைவிட மூன்றரை மணித்தியாலம் முந்தியது, குளிர்காலத்தில் நான்கரை. கோடையில் பிற்பகல் 3 மணிக்குப் புறப்பட்டால், 14 மணித்தியாலத்தின் பின் ஒஸ்லோவில் காலை 5 மணி. அப்போது கட்டுநாயக்காவில் காலை 8.30. திரும்பும்போது காலை 10 மணிக்குப் புறப்பட்டு 15 மணித்தியாலம் பயணம் செய்தாலும், அன்றிரவு 9.30 மணிக்கே ஒஸ்லோவை அடைவோம். மணிக்கூட்டை மட்டும் பார்ப்பவர் திரும்பும் பயணமே குறுகியது என்று ஏமாறுவார்.

வீட்டுவாசல் வரை

அம்மம்மாவின் வினாவுக்கு இன்னும் விடை கூறவில்லை. கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் நானூறு கிலோமீற்றருக்கும் குறைவே. ஆயினும் வீதிவழியே ஏழு, எட்டு மணித்தியாலம் செல்லும். ஏ9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது, மக்கள் கப்பலையும் விமானத்தையும் எதிர்பார்த்து நாட்கணக்கில் காத்திருந்தனர். தூரம் மாறவில்லை, நேரம் மாறியது. 1998 அக்டோபருக்கு முன் போர்ணபு விமான நிலையத்தில் வந்திறங்கிய நம் பெற்றோர் பலருக்கு, திரும்பிச் செல்லும் பயணம் மணித்தியாலங்களால் அன்றி ஆண்டுகளால் அளக்கப்பட்டது.

ஆதலால் அம்மம்மாவிடம் விமானம் இறங்கும் நேரத்தை மட்டும் கூறாதீர்கள். காலை 8.30 உடன் வெளியே வரும் நேரத்தையும் வீதிப் பயணத்தையும் கூட்டி, "மாலை ஆறு மணியளவில் வாசலுக்கு வந்துவிடுவோம்" என்று கூறுங்கள். அவர் காலையிலிருந்தே படலையில் நின்று வழி பார்க்க வேண்டியிராது.

பயிற்சி

1. டோகா வழி, நேர்வழியைவிட எத்தனை கிலோமீற்றர் கூடியது?
2. குளிர்காலத்தில் காலை 11 மணிக்கு ஒஸ்லோவிலிருந்து புறப்பட்டு 16 மணித்தியாலம் பயணம் செய்தால், கட்டுநாயக்காவில் எத்தனை மணிக்கு இறங்குவோம்?
3. உங்கள் பெற்றோர் முதன்முதலில் நோர்வேக்கு வந்த வழியைக் கேட்டறிந்து, பூகோள உருண்டையில் நூலால் காட்டுக.