குறுவாளுக்கு நியாயம்: பகடை சொல்லும் கணக்கு

நான்கு நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். காய்களை நகர்த்தும் கட்டம் இல்லை, சீட்டுக்கட்டும் இல்லை. ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில், நடுவில் பல வடிவப் பகடைகள், அவ்வளவுதான். அவர்களுள் ஒருவர் கதை சொல்கிறார்: "குகைக்குள் நுழைந்துவிட்டீர்கள். இருட்டில் இரண்டு கண்கள் மின்னுகின்றன. என்ன செய்யப் போகிறீர்கள்?" மற்ற மூவரும் தத்தம் கதாபாத்திரத்தின் சார்பில் பதில் சொல்கிறார்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது.

இந்தக் கதையில் ஒருவனுடைய வீரன் சென்ற வாரம் ஆற்றைக் கடக்கும்போது தன் வாளைப் பறிகொடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவன் இடுப்பில் இருப்பது ஒரு குறுவாள் மட்டுமே. சண்டை வரும்போதெல்லாம் நண்பர்களின் வாள்கள் பகைவரை வீழ்த்துகின்றன. அவனுடைய குறுவாளோ கீறலோடு நின்றுவிடுகிறது. அவன் முகம் வாடுகிறது. இதைக் கண்ட கதை நடத்துநர் இரக்கப்பட்டு, "குறுவாள் இலேசானது. ஆகவே ஒரு சுற்றில் இரண்டு முறை குத்தலாம்" என்று ஒரு புதிய விதியைச் சேர்க்கிறார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் விதி நல்லதா? இதற்கு விடை காண ஆடிப் பார்க்க வேண்டியதில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் படித்த சராசரியும் நிகழ்தகவும் போதும்.

குறுவாள் மெலிந்த கதை

இவ்வகை விளையாட்டுகளுள் முதலில் அச்சாகிப் புகழ் பெற்றது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974-ஆம் ஆண்டு வெளிவந்தது. பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து இது கிளைத்தது. விதிகளைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளுமாறு ஆட்டக்காரர்களை ஊக்குவித்ததும் இதன் சிறப்பு. அப்படி அவரவர் சேர்த்துக்கொள்ளும் விதிகளை 'வீட்டு விதிகள்' என்பார்கள்.

1974-ஆம் ஆண்டு நூல்களில் எல்லா ஆயுதங்களுக்கும் ஒரே சேதம்தான். குறுவாளானாலும் இருகை வாளானாலும் ஓர் ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும். மறு ஆண்டே, அதாவது 1975-இல், 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூல் இதை மாற்றியது. மனித உருவளவுள்ள பகைவருக்கு எதிராகக் குறுவாளுக்கு நான்குமுகப் பகடை, வாளுக்கு எட்டுமுகப் பகடை, இருகை வாளுக்குப் பத்துமுகப் பகடை என்று ஆயிற்று. அன்று முதல் குறுவாள் 'நோஞ்சான்' ஆயுதமாகிவிட்டது.

இப்பகடைகளைப் பற்றி ஒரு செய்தி. நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகள் வடிவக் கணிதத்தில் வரும் ஐந்து ஒழுங்குத் திண்மங்களே ஆகும். முகங்கள் யாவும் ஒரே அளவான ஒழுங்குப் பலகோணங்களாய், ஒவ்வொரு முனையிலும் ஒரே எண்ணிக்கையில் கூடுவதால், எந்த முகமும் விழுவதற்குச் சம வாய்ப்பு உண்டு.

ஓர் அடியின் மதிப்பு

நான்குமுகப் பகடையில் 1, 2, 3, 4 ஆகியவை சம வாய்ப்புடன் விழும். எனவே சராசரி (1+2+3+4)/4 = 2.5 ஆகும். இதே முறையில் எட்டுமுகப் பகடையின் சராசரி 4.5. ஆறுமுகப் பகடை ஒன்றின் சராசரி 3.5, இரண்டை உருட்டினால் 7.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை எடுத்துக்கொள்வோம். அதில் குறுவாளுக்கு நான்குமுகப் பகடை. ஒரு கையால் பிடிக்கும் நெடுவாளுக்கு எட்டுமுகப் பகடை. இருகை வாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகள். விழுந்த எண்ணுடன் வீரனின் உடல் வலிமைக்குரிய புள்ளியைக் கூட்ட வேண்டும். நம் வீரர்கள் எல்லோருக்கும் இப்புள்ளி 3 என்க. அப்படியானால் சராசரிச் சேதம்:

குறுவாள்: 2.5 + 3 = 5.5
நெடுவாள்: 4.5 + 3 = 7.5
இருகை வாள்: 7 + 3 = 10

ஆனால் ஓங்கிய ஆயுதமெல்லாம் பகைவன்மேல் பட்டுவிடுமா? முதலில் இருபதுமுகப் பகடையை உருட்ட வேண்டும். அதனுடன் வீரனின் திறமைக்கும் வலிமைக்குமான புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். இது 5 என்க. கூட்டுத்தொகை பகைவனின் கவச எண்ணை எட்டினால் அடி பலிக்கும். கவச எண் 15 ஆனால் பகடையில் 10 முதல் 20 வரை எது விழுந்தாலும் பலிக்கும். இருபதில் பதினொன்று, நிகழ்தகவு 0.55. (இருபது விழுந்தால் பகடைச் சேதம் இரட்டிக்கும் என்றொரு விதியும் உண்டு. எளிமை கருதி அதை விட்டுவிடுவோம்.)

பலிக்கும் நிகழ்தகவைச் சராசரிச் சேதத்தால் பெருக்கினால், ஒரு சுற்றில் எதிர்பார்க்கத்தக்க சேதம் கிடைக்கும். குறுவாளுக்கு 5.5 × 0.55 = 3.025. நெடுவாளுக்கு 4.125. இருகை வாளுக்கு 5.5. குறுவாள்காரன் முகம் வாடியதில் வியப்பில்லை.

இரக்கத்தின் விலை

இப்போது 'இரண்டு முறை குத்தலாம்' என்ற விதியைச் சேர்ப்போம். குறுவாளின் மதிப்பு 3.025 × 2 = 6.05 ஆகிறது. நெடுவாளை மட்டுமல்ல, இரு கைகளாலும் தூக்க வேண்டிய பெரிய வாளையும் அது மிஞ்சிவிட்டது! அடுத்த வாரம் மற்ற இருவரும் வாளை எறிந்துவிட்டுக் குறுவாள் வாங்குவார்கள். அல்லது முகம் வாடி உட்காருவார்கள். ஒருவனின் குறையைப் போக்கப் போய் இருவருக்குக் குறை வைத்ததாயிற்று.

எங்கே தவறு நேர்ந்தது? நடுத்துநர் பகடையை மட்டும் பார்த்தார். நான்குமுகப் பகடை இரண்டின் சராசரி 5; எட்டுமுகப் பகடை ஒன்றின் சராசரி 4.5. ஏறக்குறைய சமம்தானே என்று எண்ணினார். வலிமைப் புள்ளி ஒவ்வொரு குத்துக்கும் தனித்தனியே கூடுகிறது என்பதை மறந்தார். வாளுக்கு 3 ஒருமுறை. குறுவாளுக்கு 3 இருமுறை. வீரன் வளர வளர வலிமைப் புள்ளி உயரும், இடைவெளியும் உயரும்.

விதி செய்வோர் நினைவில் கொள்ள வேண்டியது இதுதான்: எவ்வளவு கூட்டுகிறோம் என்பதோடு, எத்தனை முறை கூட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

அச்சிட்ட நூல்களிலேயே இச்சிக்கல் நேர்ந்திருக்கிறது. 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் 'டார்ட்' எனப்படும் சிற்றம்பு ஒன்று உண்டு, கையால் எறிவது. சேதம் 1 முதல் 3 வரைதான், சராசரி 2. ஆனால் ஒரு சுற்றில் மூன்று எறியலாம். மூன்றும் பட்டால் 6; வாள் பட்டால் 4.5. வேறுபாடு 1.5 மட்டுமே. ஆனால் மனித வீரன் பெறக்கூடிய உச்ச வலிமைக்கு அப்பதிப்பில் 6 சேதப் புள்ளிகள் கூடும். அவன் வாளால் ஒருமுறை வெட்டினால் 4.5 + 6 = 10.5. மூன்று சிற்றம்புகளை எறிந்தால் 3 × (2 + 6) = 24! விலை மலிந்த சிற்றம்பு பெரும் போர்க்கருவியாகிவிட்டது.

ஐந்தாம் பதிப்பு இதை எப்படிச் சமாளித்தது தெரியுமா? இரு கைகளிலும் குறுவாள் ஏந்தியவன் இரண்டாவது முறையும் குத்தலாம். ஆனால் இரண்டாம் குத்தின் சேதத்தில் வலிமைப் புள்ளியைக் கூட்டக் கூடாது. அதாவது 5.5 + 2.5 = 8. இதை 0.55 ஆல் பெருக்கினால் 4.4. நெடுவாளின் 4.125-க்குச் சற்றே மேல். அதற்கு விலையாகக் கேடயம் பிடிக்கும் கையை இழக்க வேண்டும். கூட்டலை ஒருமுறையோடு நிறுத்தியதால் நியாயம் நிலைத்தது.

இன்னொரு வழி

சேதத்தைத் தொடாமல், குறுவாளுக்குப் பலிக்கும் வாய்ப்பை மட்டும் உயர்த்தினால் என்ன? ஐரோப்பாவில் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இரும்புக் கவசம் பூண்ட வீரர்களைக் கவசத்தின் இடுக்குகளில் குத்துவதற்குக் குறுவாளைப் பயன்படுத்தினர். ஆகவே 'குறுவாளால் தாக்கும்போது இருபதுமுகப் பகடையில் 2 கூட்டிக்கொள்க' என்று ஒரு வீட்டு விதி செய்து, மூவகைப் பகைவரிடம் சோதிப்போம்.

கவச எண் 10 (கவசம் இல்லாதவன்): நெடுவாள் 7.5 × 0.80 = 6.00, குறுவாள் 5.5 × 0.90 = 4.95.
கவச எண் 15 (நடுத்தரம்): நெடுவாள் 7.5 × 0.55 = 4.125, குறுவாள் 5.5 × 0.65 = 3.575.
கவச எண் 20 (கனத்த கவசம்): நெடுவாள் 7.5 × 0.30 = 2.25, குறுவாள் 5.5 × 0.40 = 2.20.

புதிய விதி இல்லாதபோது குறுவாள் எங்கும் நெடுவாளின் 73 விழுக்காடே. இப்போதோ கவசமற்றவனிடம் சுமார் 83, நடுத்தரனிடம் 87, கனத்த கவசக்காரனிடம் 98 விழுக்காடு! கூட்டிய 2 எங்கும் ஒன்றேயாயினும், 0.80 என்பது 0.90 ஆவது சிறு ஏற்றம், 0.30 என்பது 0.40 ஆவது மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். இந்த விதியால் குறுவாள் வாளை எங்கும் மிஞ்சவில்லை. ஆனால் கவசக்காரன் எதிரே வரும்போது குறுவாள்காரனும் தோளோடு தோள் நிற்கலாம்.

இதே 2-ஐ 4 ஆக்கினால் என்னவாகும்? கனத்த கவசத்திற்கு எதிரே குறுவாள் 5.5 × 0.50 = 2.75 ஆகி வாளை முந்திவிடும். மருந்தின் அளவு மிஞ்சினால் நஞ்சாவது போலத்தான்.

சராசரி சொல்லாத செய்தி

சராசரி ஒன்றையே நம்பிவிடவும் கூடாது. பகைவனுக்கு 4 உயிர்ப்புள்ளிகள் மட்டுமே உள்ளன என்க. குறுவாள் பட்டால் குறைந்தது 1 + 3 = 4; அவன் வீழ்வது உறுதி. நெடுவாள் பட்டாலும் அதே முடிவுதான். 11 புள்ளிச் சேதம் விழுந்தாலும் மிச்சம் 7 வீணே. ஆகவே அற்பப் பகைவரிடம் இரு ஆயுதங்களும் சமம்!

பகைவனுக்கு 7 உயிர்ப்புள்ளிகள் இருந்தால்? ஒரே அடியில் வீழ்த்த நெடுவாளுக்குப் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் வேண்டும்; நிகழ்தகவு 5/8. குறுவாளுக்கு 4 மட்டுமே உதவும், நிகழ்தகவு 1/4. ஆயுதத்தின் வலிவு எதிரியைப் பொறுத்தது என்பது இப்போது விளங்கும்.

நீங்களே சோதியுங்கள்

விசேடப் பகடைகள் தேவையில்லை. நான்குமுகப் பகடைக்கு, சாதாரணப் பகடையை உருட்டி, 5 அல்லது 6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். எட்டுமுகத்துக்கு, அதே முறையில் ஓர் எண்ணைப் பெற்று, ஒரு நாணயத்தையும் சுண்டுங்கள்; தலை விழுந்தால் 4 கூட்டுங்கள். இருபதுமுகத்துக்கு, 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுங்கள்; பார்த்தபின் அதைத் திரும்பப் போட மறவாதீர்கள்.

கவச எண் 15 உள்ள பகைவனை நெடுவாளால் 10 முறை, குறுவாளால் 10 முறை தாக்கிச் சேதத்தைக் குறித்துவையுங்கள். சில சமயம் குறுவாளே வென்றுவிடும். 100 முறை தாக்கிப் பாருங்கள், சராசரிகள் 4.125-ஐயும் 3.025-ஐயும் நெருங்கக் காண்பீர்கள். ஒரு மாலைப்பொழுது ஆட்டத்தை மட்டும் பார்த்து ஒரு விதி நல்லது, கெட்டது என்று முடிவு கட்டுவது ஏன் தவறு என்பதும் புரியும்.

சிந்திக்க ஒரு கேள்வி: தாக்கும்போது 2 கூட்டுவதற்குப் பதிலாக, குறுவாளின் நான்குமுகப் பகடையை ஆறுமுகமாக மாற்றினால் என்ன ஆகும்? மூவகைப் பகைவருக்கும் கணக்கிடுங்கள்.

விடை: சராசரிச் சேதம் 6.5. கவச எண் 10-க்கு 5.20, 15-க்கு 3.575, 20-க்கு 1.95. நடுத்தரப் பகைவனிடம் இரு விதிகளும் ஒன்றே. ஆனால் இது கவசமற்றவனிடமே அதிகம் உதவும். கனத்த கவசத்தின் முன் முந்தைய விதியே மேல். ஒரே சராசரி தரும் இரு விதிகள் இரு வேறு ஆட்டங்களை உண்டாக்கும்.

ஆற்றில் வாளைத் தொலைத்த நண்பனுக்கு உதவ வேண்டும் என்ற நடத்துநரின் எண்ணத்தில் குறையில்லை. விதியை அறிவிக்கும் முன் தாளின் ஓரத்தில் நான்கு வரிக் கணக்குப் போட்டிருந்தால், அந்த உதவி மேசையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் நியாயமாக அமைந்திருக்கும்.