தாயின் இரகசியமும் சிசுவின் நலனும்

கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குச் சென்றுவரும் மாதர் சங்கத் தொண்டர்களுக்கும் குடும்பத்தவர்களுக்கும் இம்முறை ஒரு கடினமான விடயத்தை முன்வைக்கின்றோம்.

ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். வடக்கிலே சொந்தத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். 1990இல் இடம்பெயர்ந்து, கற்பிட்டியில் பிறருடைய வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்ற குடும்பம். அவ்வீட்டு மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். கணவன் கொண்டுவரும் கசிப்பை இரவில் அவளும் குடிக்கிறாள். “அக்கா, இதை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ” என்று தொண்டரிடம் அழுகிறாள். வெளியே சொன்னால் நம்பிக்கை முறியும். பேசாமல் இருந்தால் சிசு பாதிக்கப்படலாம். என்ன செய்வது?

முதலில் உண்மையை அறிவோம்

தாய் குடிக்கும் மது, கொப்பூழ்க்கொடி வழியே சிசுவையும் சென்றடைகிறது. மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர வைத்தியர்கள் இப்பாதிப்புக்குப் பெயரிட்டு உலகுக்கு அறிவித்தனர். “கள்ளு குளிர்ச்சிதானே” என்பார் உண்டு. கள்ளிலும் சாராயத்திலும் கசிப்பிலும் இருப்பது ஒரே மதுசாரமே. கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ஆயினும் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் சிசுவுக்கு நன்மையே.

காட்டிக்கொடுத்தல் பயன் தருமா?

அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் நகரில் 1989 முதல், ஓர் அரச வைத்தியசாலை கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, போதைப்பொருள் பாவித்தோரைப் பொலிசாருக்கு அறிவித்தது. பலர் கைதாகினர். தாயின் சம்மதமின்றிப் பொலிசாருக்காக இவ்வாறு சோதிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2001இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் ஊர்களில் பொலிஸ் வேண்டியதில்லை, ஊர்வாயே போதும். மதுவை முற்றாக விலக்கிய சமூகமாயின் வெட்கம் இரட்டிப்பாகும். பெயர் வெளிப்பட்ட தாய் அடுத்த மாதம் கிளினிக் பக்கம் வரமாட்டாள். சிசுவைக் காக்கும் வழி தாயின் வழியாகவே செல்கிறது.

குற்றம் யாருடையது?

தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் திராட்சைத் தோட்டக் கூலிகளுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாக மலிவு வைன் கொடுக்கப்பட்டது. சட்டம் தடுத்த பின்னும் அவ்வழக்கம் நெடுநாள் நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. அத்தாய்மாரை மட்டும் குற்றவாளிகள் எனலாமா?

தொண்டர் செய்யக்கூடியவை

1. ஒருத்தியை மட்டும் சந்தேகித்துக் கேளாது, எல்லாக் கர்ப்பிணிகளிடமும் தனிமையில், கனிவோடு கேட்க வேண்டும். 2014இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது.

2. அவளுடைய சம்மதத்துடன் குடும்பநல மருத்துவ மாதுவிடம் கூட்டிச் செல்ல வேண்டும். கணவனிடமோ மாமியாரிடமோ தொண்டர் தாமாகச் சொல்லலாகாது.

3. நாளாந்தம் அதிகமாகக் குடிப்பவளை “இன்றே நிறுத்து” என்று வற்புறுத்தலாகாது. நடுக்கமும் வலிப்பும் வரலாம். வைத்தியரின் கண்காணிப்பிலேயே நிறுத்த வேண்டும்.

4. வலிப்பு, மயக்கம், இரத்தப்போக்கு கண்டால் உயிரே முதன்மை. உடனே புத்தளம் அல்லது சிலாபம் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, வைத்தியருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அதையும் இயன்றவரை அவளிடம் முதலில் கூறிவிட வேண்டும்.

5. குடியை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆண்களோடும் பேச வேண்டும். எல்லா வீட்டு ஆண்களையும் ஒன்றாகக் கூட்டிப் பேசினால் எவள் பெயரும் வெளிவராது.

கலந்துரையாட

• நம் கிராமத்தில் ஒரு தாய் பயமின்றிப் பேசக்கூடியவர் யார்?
• அவள் குடிக்காமலிருக்க அவளுடைய வீட்டார் எதைக் கைவிட வேண்டும்?