ஆய்வக எலியின் கடைசி நிமிடங்கள்

ஆய்வு முடிந்த எலியைக் கொல்லும்போது முதலில் அடங்க வேண்டியது அதன் உணர்வு. உயிர் அதன் பிறகே பிரிய வேண்டும். எந்த முறையானாலும் இந்த வரிசை காக்கப்படுகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு காலத்தில் சாதாரணமாகப் புழங்கிய ஈதர், மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், தீயும் பிடிக்கும் என்பதால் கைவிடப்பட்டது.

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் அதையொட்டிய 1998-ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு அடிப்படை. கொல்லும் முறையை ஆய்வுத் திட்டத்திலேயே குறிப்பிட்டு, நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும்.

பரவலாகக் கையாளப்படுவது கார்பன் டை ஆக்சைடு. அதிகம் தவறு நடப்பதும் அதில்தான். வாயு சிலிண்டரிலிருந்து ஃப்ளோ மீட்டர் வழியாக வர வேண்டும், உலர்பனிக்கட்டி கூடாது. நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு வரை செலுத்தலாம் என்கிறது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி. பத்து லிட்டர் பெட்டியென்றால் நிமிடத்துக்கு 3 முதல் 7 லிட்டர். மீட்டர் இல்லாமல் சத்தத்தை வைத்து வால்வைத் திருப்புவது வெறும் ஊகம். முன்பே வாயு நிரப்பிய பெட்டிக்குள் எலியைப் போடுவது கொடுமை: அடர்ந்த வாயு மூக்கின் ஈரத்தில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது, எலி நினைவோடிருக்கும்போதே வலிக்கிறது. முடிந்தவரை அது வாழ்ந்த கூண்டிலேயே வாயுவைச் செலுத்துவது நல்லது. புது இடமும் அறிமுகமில்லாத எலிகளின் நெருக்கமுமே அதை மிரள வைக்கப் போதும். வேறு பெட்டியைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்த பிறகே அடுத்த எலிகளை விட வேண்டும்.

பிறந்து சில நாளேயான குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குறைந்த ஆக்சிஜனைத் தாங்கும் உடல் அவற்றுக்கு. வாயுவில் இறக்க 50 நிமிடம் வரைகூட ஆகலாம். அசைவற்றுக் கிடந்த குட்டியை இறந்ததென்று பையில் கட்டிவிட்டால், அது உள்ளே மீண்டும் மூச்சிழுக்கத் தொடங்கக்கூடும். ஆய்வகத்தில் இதைவிட வேதனையான தவறு வேறில்லை. கூரிய கத்தரியால் தலையை ஒரே வெட்டில் துண்டிப்பது பார்க்கக் கடினம். குட்டிக்கோ அதுவே குறைந்த துன்பம்.

கழுத்தெலும்பை விலக்கும் முறை சுண்டெலிக்கும் 200 கிராமுக்குக் குறைந்த எலிக்கும் ஏற்றது. நொடியில் முடிவது அதன் சிறப்பு. ஆனால் தேர்ந்த கை வேண்டும். இறந்த எலியிலோ மயக்கத்திலுள்ள எலியிலோ பழகாதவரை உயிருள்ள எலியிடம் விடவே கூடாது. மண்டையோட்டுக்குப் பின்னால் விரலை வைத்தால் எலும்பு விலகிய இடைவெளி தட்டுப்பட வேண்டும்.

மூச்சு நின்றதை மட்டும் வைத்து மரணத்தை முடிவு செய்யக் கூடாது. வாயு முறையில், மூச்சு நின்ற பின்னும் ஒரு நிமிடமாவது வாயு ஓட வேண்டும். இதயத் துடிப்பு நின்றதா, கருவிழியைத் தொட்டால் இமை அசைகிறதா என்று பார்த்த பிறகு, மார்பைத் திறப்பது போன்ற இரண்டாம் முறையால் உறுதிப்படுத்த வேண்டும்.

இந்த வேலையை மற்ற விலங்குகளின் கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டாத தனி அறையில் செய்ய வேண்டும். அந்த எலிகளுக்குத் தினமும் தீனி வைத்து வளர்த்த பணியாளரையே கொல்லச் சொல்லி வற்புறுத்துவதும் தவறு. அந்தப் பாரம் பெரிது.

பென்டோபார்பிட்டால் ஊசியால் கொன்ற உடலில் மருந்து நெடுநாள் தங்கும். அதைத் தின்னும் நாயும் கழுகும் சாகும். ஆகவே உடல்களை மஞ்சள் பையில் கட்டி எரியூட்டலுக்கு அனுப்ப வேண்டும்.