காலி வண்டியின் கணக்கு: ஓர் இளம் ஆய்வாளருக்குக் கடிதம்



டிஜிட்டல் பொருளாதாரம் சரக்குப் போக்குவரத்தின் கார்பன் செயல்திறனை உயர்த்திவிட்டது எனத் தங்கள் கட்டுரை நிறுவ முயல்கிறது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்லும் பணியாகிய டன்-கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற அளவுகோலில் பழுதில்லை. தரவு எடுத்த இடமாகிய இ-வே பில்லில்தான் பழுது. மாநிலங்களுக்கிடையே 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இ-வே பில், அதாவது 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை அனுப்புமுன் எடுக்கவேண்டிய மின்னணுச் சீட்டு, சரக்கைப் பின்தொடர்கிறதேயன்றி, அதை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியை அறியாது.

இது சில்லறைப் பிழையன்று. 20 டன் ஏற்றிய லாரி 500 கிலோமீட்டர் செல்ல 125 லிட்டர் டீசலும், காலியாகத் திரும்ப 100 லிட்டரும் ஆவதாகவும், லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாவதாகவும் கொண்டால், போன வழியை மட்டும் எண்ணுபவருக்கு டன்-கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 34 கிராமும், வந்த வழியையும் சேர்ப்பவருக்கு 60 கிராமும் விடையாகும். நாமக்கல், சங்ககிரி லாரி உரிமையாளர்கள் ரிட்டர்ன் லோடு, அதாவது திரும்பும் வழிக்குச் சரக்கு, உண்டா என்று பாராமல் வாடகை பேசுவதில்லை. அவர்கள் மனக்கணக்காக அறிந்ததை ஆய்வேடு விட்டுவிடுவது பொறுக்கத்தக்கதன்று. சரக்கையும் வண்டியையும் இணைக்கும் கைபேசிச் செயலிகளின் பயனும் காலி ஓட்டம் எவ்வளவு குறைந்தது என்பதில்தான் தெரியும்.

தங்கள் கட்டுரையில் தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையார் சோதனைச்சாவடி பற்றிய பகுதியோ, இத்துறையில் அண்மையில் எழுதப்பட்டவற்றுள் தலைசிறந்தது. ஜிஎஸ்டிக்கு முந்தைய நாள்களில் அங்கு லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டுகிடக்க, கிளீனர்கள் வண்டி நிழலில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்ததையும், வரிசை ஓரடி நகரும்போதெல்லாம் எஞ்சின்கள் உறுமிப் புகை கக்கியதையும் கண்ட தலைமுறை, நின்ற வண்டியின் டீசலையும் கணக்கிட்ட அப்பக்கங்களை வியக்காமல் இருக்க இயலாது.

நின்ற வண்டியைக் கண்ட கண் காலி வண்டியைக் காணாததே வியப்பு. மேலும், செயல்திறன் உயர்ந்தால் மொத்தப் புகை குறையும் என்பது உறுதியன்று; நீராவி எஞ்சின் மேம்பட்டபோது நிலக்கரிச் செலவு பெருகியதை 1865-இலேயே பொருளியலாளர் ஜெவன்ஸ் சுட்டினார். ஆகவே உரிமையாளர்களின் டிரிப் ஷீட், அதாவது ஒவ்வொரு நடையின் தூரமும் டீசலும் எழுதப்படும் தாள், கைக்கு வரும்வரை செயல்திறன் உயர்ந்துவிட்டது என்னும் முடிவுரையின் முதல் வாக்கியத்தை நீக்கிவைப்பதே முறை.