பழக்குச்சி ஐஸ்

மே மாதம். நாகபுரியில் நண்பகல் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொடும் நாள்கள் உண்டு. அவ்வேளையில் சாலையில் ஆள் நடமாட்டம் இராது. மாலை ஐந்து மணியானதும் குடியிருப்பின் வாயிலில் கோலா வண்டியின் மணியோசை கேட்கும். பனிக்கட்டியைத் துருவி, குச்சியைச் சுற்றி உருண்டையாகப் பிடித்து, அதன்மேல் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் கலந்த பாகை ஊற்றித் தருவார் வண்டிக்காரர். அவ்வோசை கேட்டவுடன் தம்பி பலகணிக்கு ஓடினான். ஆனால், கீழே இறங்கவில்லை.

மார்ச் மாதத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது. மூன்று வாரம் பள்ளிக்குச் செல்லவில்லை. ஆண்டுத் தேர்வையும் எழுதவில்லை. “தூய்மையற்ற நீராலோ உணவாலோ வந்திருக்கும். வெளியில் விற்கும் ஐஸும் பழச்சாறும் வேண்டா” என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். வண்டிக்காரர்தாம் காரணம் என்று எவரும் சொல்ல இயலாது. அவர் வாங்கிவரும் பனிக்கட்டி எந்த நீரில் செய்யப்பட்டது என்பது அவருக்கே தெரியாதிருக்கலாம். மீனையும் பிற பொருள்களையும் கெடாமல் காக்க மட்டும் செய்யப்படும் பனிக்கட்டி, உண்பதற்கு உரியதன்று. அது தின்பண்டத்தில் கலந்துவிடாதிருக்க, அதற்கு நீல நிறம் ஊட்ட வேண்டும் என்று மகாராட்டிரத்தில் 2018ஆம் ஆண்டில் ஆணையிடப்பட்டது.

“உறைந்த பின் கிருமிகள் செத்துவிடாவா?” என்று தம்பி கேட்டான். ஏழாம் வகுப்பில் படிக்கும் அக்காளுக்கும் அந்த ஐயம் இருந்தது. அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வந்து அவள் விடை சொன்னாள். கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும். உறையவைத்தால் அவற்றுள் பல உறங்கிக் கிடக்கும், அவ்வளவே. பனி உருகியதும் அவை மீண்டும் விழித்துக்கொள்ளும். காமாலையை உண்டாக்கும் நச்சுயிரியும் குளிரைத் தாங்க வல்லது.

ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறைக்கு அவர்கள் திருநெல்வேலிக்குச் செல்வது வழக்கம். இவ்வாண்டு பயணச்சீட்டுகள் நீக்கப்பட்டன. அதனால் ஆச்சியே நாகபுரிக்கு வந்துவிட்டார். ஊரில் மிதிவண்டியின் பின்னே பெட்டியைக் கட்டிக்கொண்டு வருபவரிடம் வாங்கித் தின்னும் சேமியா ஐஸை நினைத்துத் தம்பி ஏங்கினான்.

“அதை விடு. வீட்டிலேயே செய்துவிடலாமே” என்றாள் அக்காள்.

முதல் முயற்சிக்கு அவள் தர்ப்பூசணியைத் தேர்ந்தெடுத்தாள். பழத்தை மிக்ஸியில் அரைத்து வடிகட்டினாள், சக்கையைக் கொட்டிவிட்டாள். சாற்றை எவர்சில்வர் தம்ளர்களில் விளிம்புவரை ஊற்றினாள். குச்சிகளையும் அப்போதே போட்டு உறைபெட்டியில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு தம்ளரிலும் ஐஸ் விளிம்பைத் தாண்டி மேலே புடைத்து நின்றது. குச்சிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஒன்றை இழுத்தபோது குச்சி மட்டும் கையோடு வந்தது. ஒருவாறு பெயர்த்தெடுத்து ஒன்றைத் தம்பியிடம் கொடுத்தாள். அவன் நான்கு முறை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதில் நிறமும் இல்லை, சுவையும் இல்லை.

“இது வெறும் தண்ணீர், அக்கா.”

அக்காளின் முகம் வாடியது. ஆனால், இப்பாடத்தில் கற்க வேண்டியவை பெரும்பாலும் அந்தத் தம்ளருக்குள்தான் இருந்தன.

நீர் உறையும்போது சுருங்குவதில்லை. ஏறத்தாழ நூற்றில் ஒன்பது பங்கு விரிகிறது. எனவே அச்சின் மேற்புறத்தில் ஒரு விரற்கடை இடம் விட வேண்டும். சாறு நீராக இருக்கும்போதே குச்சியை வைத்தால் அது சாயாமல் என்ன செய்யும்? ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்து, சாறு கஞ்சிப் பதமாக இறுகியபின் நட்டால் நேராக நிற்கும்.

நிறம் போனதற்கான காரணம் இன்னும் சுவையானது. தூய நீர் 0 டிகிரியில் உறையும். சர்க்கரை கரைந்த நீர் உறைவதற்கு அதைவிடக் குறைந்த வெப்பநிலை வேண்டும். ஆகவே, சாற்றில் உள்ள நீர் முதலில் படிகங்களாக உறைகிறது. இனிப்பையும் நிறத்தையும் அது ஒதுக்கித் தள்ளுகிறது. அவை பாகு போலத் திரண்டு படிகங்களின் இடுக்குகளில் தங்கிவிடுகின்றன. நாம் உறிஞ்சும்போது அப்பாகுதான் வாய்க்குள் வருகிறது. வெறும் பனிக்கட்டி குச்சியில் எஞ்சுகிறது. தர்ப்பூசணியில் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர். இருந்த சிறிதளவு சக்கையையும் வடிகட்டி எறிந்தாயிற்று. படிகங்கள் தடையின்றிப் பெரிதாக வளர்ந்து கல்லாயின. வேறொன்றும் உண்டு: குளிர்ந்த நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். உறையுமுன் அளவாக இனிப்பது, உறைந்தபின் சப்பென்று தோன்றும்.

இரண்டாம் முறை ஆச்சி உடன் நின்றார். அவர் மாம்பழத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாம்பழத்தில் சதையும் நாரும் மிகுதி; அவை படிகங்கள் பெரிதாக வளராமல் தடுக்கும். நன்கு கனிந்த மாம்பழம் இரண்டு, கொதிக்கவைத்து ஆறிய நீர் அரைக் குவளை, புளிக்காத தயிர் அரைக் குவளை, எலுமிச்சைச் சாறு ஒரு சிறு கரண்டி. கைகளையும் பழங்களையும் கத்தியையும் நன்றாகக் கழுவியபின் அக்காள் பழங்களை நறுக்கினாள். எல்லாவற்றையும் மைய அரைத்தாள், இம்முறை வடிகட்டவில்லை.

“சர்க்கரை எவ்வளவு போட வேண்டும், ஆச்சி?”

“முதலில் நாக்கில் வைத்துப் பார், தாயி. பழமே போதும் என்றால் சர்க்கரை எதற்கு?”

சுவைத்துப் பார்த்தாள். சற்றே குறைவாகத் தோன்றியதால் ஒரு கரண்டி வெல்லப்பாகு மட்டும் சேர்த்தாள். கலவையைத் தம்ளர்களில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றி, தூசியும் பிற உணவின் மணமும் சேராதபடி மூடி வைத்தாள். ஐஸ் குச்சி தீர்ந்துவிட்டதால் இரண்டு தம்ளர்களுக்குத் தேநீர்க் கரண்டிகளே குச்சிகள் ஆயின. ஆறு மணி நேரம் கழித்துத் தம்ளரைக் குழாய்நீரில் சில நொடிகள் பிடித்து மெல்லத் திருகியதும் ஐஸ் வழுக்கிக்கொண்டு வந்தது. எடுத்த உடனே நாக்கை வைக்கலாகாது. நாக்கின் ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். தம்பிக்கு அந்த ஒரு நிமிடம் மிக நீண்டதாக இருந்தது. இரவில் மின்சாரம் நெடுநேரம் நின்று, உருகிவிட்டவற்றை மீண்டும் உறையவைக்க ஆச்சி ஒப்பவில்லை. கொட்டத்தான் வேண்டியதாயிற்று.

தின்றுகொண்டே அக்காள் ஓர் ஐயத்தை எழுப்பினாள். “பனிக்கட்டிக்குத் தமிழில் தனிச்சொல் ஏன் இல்லை? பனியோடு கட்டியைச் சேர்த்துத்தானே சொல்கிறோம்!”

தமிழ்நாட்டுச் சமவெளியில் நீர் தானாக உறைவதில்லை. பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டனர். அப்பனி புல்நுனியில் நிற்கும் பனித்துளி, உறைந்த நீரன்று. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். ஃபிரடெரிக் டியூடர் என்னும் வணிகர் அனுப்பிய பனிக்கட்டி 1833ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கு வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்கக் கட்டிய கட்டடமே ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆயினும் அப்பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் வழக்கில் உள்ளது.

குச்சி ஐஸுக்கும் ஒரு கதை கூறுவர். 1905ஆம் ஆண்டில் ஃபிராங்க் எப்பர்சன் என்னும் பதினொரு வயது அமெரிக்கச் சிறுவன், இனிப்புப் பானத்தைக் கலக்கும் குச்சியோடு இரவில் வெளியே மறந்து வைத்துவிட்டானாம். காலையில் அது உறைந்திருந்தது. 1924ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

சூன் மாதம் முதல் மழையோடு சந்தைக்கு ஜாமுன் வந்தது. “இது நம் ஊர் நாவற்பழம் அல்லவா!” என்று ஆச்சி மகிழ்ந்தார். கொட்டை நீக்கி, சிறிது வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து அதையும் உறையவைத்தனர். தம்பியின் நாக்கு ஊதா நிறமாயிற்று. மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்னபோது அவரே சற்றுத் திகைத்தார்.

மறுநாள் மாலை மணியோசை கேட்டதும் தம்பி இரண்டு குச்சிகளுடன் கீழே இறங்கினான். “காகா!” என்று வண்டிக்காரரை அழைத்தான். மராத்தியில் அது சிற்றப்பனைக் குறிக்கும். மேலே பலகணியில் நின்ற ஆச்சிக்கோ காக்கையை அழைப்பது போலக் கேட்டது. வண்டிக்காரர் ஒரு குச்சியை வாங்கிச் சுவைத்தார். பின்னர், நீர் எங்கிருந்து எடுத்தது என்று கேட்டார். கொதிக்கவைத்தது என்றான் அவன். அவர் தம் வண்டியின் பனிக்கட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, நாளைக்கு என்ன பழம் என்று கேட்டார்.

சொற்பொருள்
பலகணி – மாடி முகப்பு, சன்னல்
விரற்கடை – ஒரு விரலின் அகலம்
ஐயம் – சந்தேகம்
மைய – மிக நேர்த்தியாக

பயிற்சி
1. உறிஞ்சிய பின் குச்சியில் நிறமற்ற பனிக்கட்டி எஞ்சுவது ஏன்? உம் சொற்களில் எழுதுக.
2. அக்காள் முதல் முறை செய்த பிழைகளுள் மூன்றைக் குறிப்பிடுக.
3. நீவிர் வாழும் ஊரில் கோடையில் கிடைக்கும் பழங்களின் பெயர்களை அவ்வூர் மொழியிலும் தமிழிலும் எழுதுக. தமிழ்ப் பெயர் தெரியாதவற்றை வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டறிக.
4. பெரியவர் ஒருவரின் துணையுடன் பழக்குச்சி ஐஸ் ஒன்று செய்து, செய்த முறையைப் பத்து வரிகளில் எழுதுக. சரியாக வராவிடில், வராத காரணத்தை எழுதினாலும் முழு மதிப்பெண் உண்டு.